போகோ இசைக்குழுவை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது?

ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஈகிள்ஸுக்கு முன்பே அதே ஊரில், அதே பாணியில் பாடிய போகோ என்ற குழுவைப் பற்றி எங்கோ படித்ததாகவும், அந்தக் குழுவின் ஆல்பங்களில் எதை முதலில் கேட்க வேண்டும் என்றும் கேட்டார். கைக்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் 1968-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்தும் மீண்டும் கூடியும் 2021 வரை நீடித்த ஒரு குழுவின் விஷயத்தில் அப்படிச் சொல்வது நியாயம் அல்ல என்று எனக்குத் தோன்றியது. 1970-இல் பதிவான போகோவையும் 1978-இல் பதிவான போகோவையும் பெயரைச் சொல்லாமல் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், கேட்பவர் இரண்டையும் வெவ்வேறு குழுக்கள் என்றே நினைப்பார். முதலில் கேட்கும் ஆல்பம் பிடிக்காமல் போனால், மற்றவற்றின் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். ஆகவே எது முதலில் என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவுதான்.

ஒப்பிடுவதற்கு முன் குழுவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1968 மே மாதம் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ராக் குழு கலைந்தபோது, அதன் கடைசி ஆல்பத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு ரிச்சி ஃபுரே, ஜிம் மெசினா ஆகிய இருவர் மேல் விழுந்தது. அந்த ஆல்பத்தில் ஃபுரே எழுதிய ‘கைண்ட் வுமன்’ பாட்டுக்குப் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கக் கொலராடோவிலிருந்து வந்தவர் ரஸ்டி யங். அந்த ஒரு பாட்டின் வாசிப்பிலிருந்தே புதிய குழுவுக்கான எண்ணம் உருப்பெற்றது. ட்ரம்ஸுக்கு ஜார்ஜ் கிரான்தமும் பாஸ் கிட்டாருக்கு ராண்டி மெய்ஸ்னரும் சேர்ந்தார்கள். அப்போது அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த ஒரு படக்கதையின் நாயகன் பெயரைத்தான் குழு முதலில் வைத்துக்கொண்டது. படக்கதையை வரைந்த வால்ட் கெல்லி ஆட்சேபித்ததும் ஆங்கிலத்தில் மூன்றாம் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். தமிழில் எழுதினால் பழைய பெயரும் போகோதான், புதிய பெயரும் போகோதான்.

எந்த அளவுகோலை வைத்து ஒப்பிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவிடம் நான் தேடுவது மூன்று விஷயங்கள். ஒன்று, மூன்று அல்லது நான்கு குரல்கள் மேல்ஸ்தாயியில் இணைந்து ஒலிக்கும் கூட்டுக்குரல். இரண்டாவது, யங்கின் பெடல் ஸ்டீல். மூன்றாவது, பெயர் சொல்வதற்குக் கடினமான ஓர் ஆசுவாசம்: பாட்டு எங்கும் ஓடிப்போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல நடக்கும் நடை. அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த, கன்ட்ரி ராக் என்று அழைக்கப்படும் இசையில் இந்த மூன்றும் பல குழுக்களிடம் உண்டு என்றாலும், போகோவிடம் அவை ஒரே அளவில் எப்போதும் இருந்ததில்லை. ஓர் ஆல்பத்தில் ஒன்று தூக்கலாகவும் மற்றொன்று குறைவாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வுதான் தேர்வைக் கடினமாக்குகிறது.

வரிசையாகக் கேட்பதுதானே முறை என்று நினைப்பவர்கள் 1969-இல் வந்த முதல் ஆல்பமான ‘பிக்கின் அப் த பீசஸ்’ஸை எடுப்பார்கள். அந்த ஆல்பத்தின் பின்னால் சொல்லத் தகுந்த கதைகள் இருக்கின்றன. ஃபுரே அட்லான்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார், பாடகர் கிரஹாம் நாஷ் எபிக் நிறுவனத்தோடு இருந்தார். இருவரையும் மாற்றிக்கொண்டதால்தான் போகோ எபிக்கில் வெளிவரவும், கிராஸ்பி, ஸ்டில்ஸ் ஆகியோரோடு நாஷ் அட்லான்டிக்கில் பாடவும் முடிந்தது. மெய்ஸ்னர் கதை வருத்தமானது. ஒலிக்கலவை செய்யும்போது ஃபுரேயும் மெசினாவும் மற்றவர்களை உள்ளே விடவில்லை என்ற மனத்தாங்கலில் அவர் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே விலகினார். அவர் பாடியிருந்த முதன்மைக் குரல் பகுதிகளைக் கிரான்தம் மீண்டும் பாடினார். அட்டை ஓவியத்தில் மெய்ஸ்னர் இருந்த இடத்தில் ஒரு நாய் வரையப்பட்டது. இவையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். தெரியாமல் கேட்டால், நல்ல குரல்களும் துடிப்பான வாசிப்பும் இருந்தும் ஒலிப்பதிவு சற்று மெலிந்தும் இறுக்கமாகவும் இருப்பதுதான் முதலில் காதில் படும். முதல் அறிமுகத்துக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

1970-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தையும் அதே காரணத்தால் சற்றுத் தள்ளி வைக்கிறேன். மெசினாவின் ‘யூ பெட்டர் திங்க் ட்வைஸ்’ அந்தக் காலத்துக் கன்ட்ரி ராக் பாடல்களில் மிகச் சிறந்த ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆல்பத்தின் கடைசியில் வரும் பதினெட்டு நிமிட நீள வாசிப்பு, குழுவை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கானது. புதியவர் அங்கே களைத்துவிடுவார்.

அடுத்து 1971 ஜனவரியில் வந்த ‘டெலிவரின்’. இங்கே சற்று நிற்க வேண்டும். இது மேடைக் கச்சேரியின் பதிவு. 1970-இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து எடுக்கப்பட்டது. மெய்ஸ்னருக்குப் பதிலாக டிமதி ஷ்மிட் பாஸ் கிட்டாரும் மேல்ஸ்தாயிக் குரலுமாக வந்து சேர்ந்துவிட்டார். மெசினா இன்னும் குழுவில் இருக்கிறார், ஆனால் இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் விலகிவிடுவார். பிறகு கென்னி லாகின்ஸோடு இணைந்து பெரும் புகழ் பெறுவார். ஆக, ஃபுரே, மெசினா, யங், கிரான்தம், ஷ்மிட் ஆகிய ஐவரும் ஒன்றாக நின்ற குறுகிய காலத்தை அதன் உச்சத்தில் பிடித்து வைத்திருக்கும் பதிவு இது.

வழக்கமாக மேடைப் பதிவுகளை முதலில் கேட்கச் சொல்வது சரியான ஆலோசனை ஆகாது. ஏற்கெனவே தெரிந்த பாட்டை மேடையில் எப்படி மாற்றிப் பாடுகிறார்கள் என்பதில்தான் அவற்றின் சுவை இருக்கிறது. ‘டெலிவரின்’ அந்த விதிக்கு விலக்கு. இதில் உள்ள பாடல்களில் பல, குழுவின் முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் இல்லாதவை. தொடக்கப் பாடலும், ‘கமான்’ பாட்டும், ஷ்மிட் எழுதிய ‘ஹியர் தட் மியூசிக்’ பாட்டும் இங்கேதான் முதலில் வருகின்றன. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் காலத்து ‘கைண்ட் வுமன்’, ‘எ சைல்ட்ஸ் கிளெய்ம் டு ஃபேம்’ ஆகியவையும் இருக்கின்றன. முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும், மெசினாவின் சிறந்த பாட்டும் இருக்கின்றன. குழுவின் முன்கதை, முதல் இரண்டு ஆண்டுகள், புதிய பாடல்கள் என எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் கேட்டுவிட முடிகிறது. ஸ்டுடியோவில் மெலிந்து ஒலித்த குரல்கள் மேடையில் தம் முழு உடலோடு வருகின்றன. எபிக் நிறுவனத்தில் இருந்த காலத்தில் இந்தக் குழு அமெரிக்கத் தரவரிசையில் எட்டிய மிக உயர்ந்த இடமான 26-ஐ இந்த ஆல்பமே பெற்றது என்பதை, அந்தக் காலத்து ரசிகர்களும் இதையே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் யங் என்ன செய்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, அவருடைய கருவியைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். பெடல் ஸ்டீல் என்பது தோளில் மாட்டிக்கொள்ளும் கிட்டார் அல்ல. மெல்லிய கால்களில் நிற்கும் குறுகிய மேசை போன்றது. வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, பொதுவாகப் பத்துத் தந்திகளுக்கு மேலே இடக்கையால் ஓர் எஃகு உருளையை நகர்த்துவார். வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டுவார். அதே நேரத்தில் பாதம் பெடல்களை அழுத்தும், முழங்கால் பக்கவாட்டில் உள்ள நெம்புகோல்களைத் தள்ளும். ஒரு பெடலை அழுத்தினால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் ஒரு முழு ஸ்வரம் உயரும், பக்கத்துத் தந்தி இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு குரல் நிலையாக நிற்க, மற்றொரு குரல் அதன் அருகே வழுக்கி ஏறி வந்து சேர்வது போன்ற அந்த ஒலிதான் கன்ட்ரி இசையின் அழுகைக்கும் ஏக்கத்துக்கும் காரணம். எஃகின் வழுக்கலில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள இடமெல்லாம் ஒலிக்கிறது. கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அனுபவம் அந்நியமாக இருக்காது. யங் இந்தக் கருவியை அழுகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆர்கனுக்குப் பயன்படும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே அதை ஒலிக்கச் செய்தார். பல ரசிகர்கள் குழுவில் கண்ணுக்குத் தெரியாத ஆர்கன் கலைஞர் ஒருவர் இருப்பதாகவே எண்ணியிருக்கிறார்கள். ‘டெலிவரின்’ ஆல்பத்தில் இந்த இரண்டு முகங்களும் மாறி மாறி வருகின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆசுவாசம் என்ற என் மூன்றாவது அளவுகோலில் இந்த ஆல்பம் சற்றுப் பின்தங்குகிறது. உற்சாகமே இதன் தன்மை. ‘கைண்ட் வுமன்’ வரும் ஏறக்குறைய ஆறு நிமிடங்களைத் தவிர, மற்ற நேரமெல்லாம் ஐந்து இளைஞர்கள் முகம் மலர்ந்து பாடுவதைத்தான் கேட்கிறோம். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் இசை வேண்டும் என்பவருக்கு இது சற்றுக் கூடுதலான வெளிச்சமாக இருக்கலாம்.

மெசினாவின் இடத்துக்குப் பால் காட்டன் வந்தார். அவருடைய குரல் ஃபுரேயின் குரலைவிடத் தாழ்ந்தது, சற்றுக் கரகரப்பானது. அவர் சேர்ந்த பிறகு வந்த மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களில் 1971-இன் ‘ஃப்ரம் தி இன்சைட்’, காட்டனின் ‘பேட் வெதர்’ என்ற ஒரே பாட்டுக்காகக்கூடக் கேட்கத் தகுந்தது. ஆனால் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது சீரானது அல்ல. ஒப்பிட வேண்டியவை அடுத்த இரண்டும்: 1972-இல் வந்த ‘எ குட் ஃபீலின் டு நோ’, 1973-இல் வந்த ‘கிரேஸி ஐஸ்’.

ஈகிள்ஸ் வழியாக வருபவருக்கு இந்த இரண்டு ஆல்பங்கள்தான் மனத்தைத் தொடும் இடம், ஏனென்றால் இரு குழுக்களின் பாதைகளும் இங்கேதான் பிரிகின்றன. ஃபுரேயின் வீட்டில் நடந்த போகோ ஒத்திகைகளை உட்கார்ந்து கவனித்தவர்களில், பின்னர் ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளென் ஃப்ரையும் உண்டு. மெய்ஸ்னர் ஈகிள்ஸின் முதல் பாஸ் கலைஞர். 1972-இல் ஈகிள்ஸின் முதல் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 12-ஆம் இடத்துக்கு ஏறியது. அதே ஆண்டில் போகோ தன் புதிய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை வெளியிட்டது. இதுதான் தங்களை வானொலிக்குக் கொண்டுசெல்லும் பாட்டு என்று ஃபுரே முழுமையாக நம்பினார். பாட்டு ஏறவில்லை. ராக் வானொலிக்கு இவர்கள் அளவுக்கு மீறிக் கன்ட்ரியாகவும், கன்ட்ரி வானொலிக்கு அளவுக்கு மீறி ராக்காகவும் தெரிந்தார்கள். அந்த ஏமாற்றம் ஃபுரேயை உள்ளூர உடைத்துவிட்டது. இன்று அந்தப் பாட்டைக் கேட்கும்போது, தொடக்கத்திலிருந்தே கூட்டுக்குரல் ஏறும் விதமும், கடைசியில் எல்லாக் குரல்களும் சேர்ந்து நிற்கும் விதமும், ஒரு குழு தன் முழுப் பலத்தையும் ஒரே இடத்தில் வைத்துத் தள்ளிய உணர்வைத் தருகின்றன. தரவரிசை என்ன சொன்னாலும், அது தோற்ற பாட்டு அல்ல.

‘கிரேஸி ஐஸ்’ வேறு மாதிரியானது. ஃபுரே விலகுவது உறுதியாகிவிட்ட நேரத்தில் பதிவானது. தலைப்புப் பாட்டு, கன்ட்ரி ராக்குக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவரான கிராம் பார்சன்ஸை நினைத்து ஃபுரே எழுதியது. ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் தந்தி வாத்தியக் குழுவின் சேர்க்கையும் உண்டு. அதே ஆல்பத்தில் பார்சன்ஸ் எழுதிய ‘பிராஸ் பட்டன்ஸ்’ பாட்டையும் ஃபுரே பாடியிருக்கிறார். 1973 செப்டம்பர் 15 அன்று ஆல்பம் வெளிவந்தது. செப்டம்பர் 19 அன்று, 26 வயதில், பார்சன்ஸ் இறந்தார். தெரிந்து எழுதிய இரங்கல் பாடல் அல்ல அது. ஆனாலும் இன்று அதை வேறு விதமாகக் கேட்க முடியவில்லை. காட்டன் பாடும் ‘மக்னோலியா’, ஜே. ஜே. கேல் எழுதியது. இந்தக் குழுவின் ஸ்டுடியோப் பதிவுகளில் ஆசுவாசம் என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு வரிக்கும் இடையே மூச்சு விட இடம் இருக்கிறது. ஸ்டீல் வந்து தொட்டுவிட்டு விலகுகிறது.

அப்படியானால் ‘கிரேஸி ஐஸ்’தானே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். தயங்குவதற்குக் காரணம், அந்த ஆல்பத்தின் கனம் முழுவதும் பிரிவின் கனமாக இருப்பதுதான். பிரிவதற்கு முன் இவர்கள் எப்படிச் சேர்ந்து இருந்தார்கள் என்று தெரியாத ஒருவருக்கு அந்தக் கனத்தில் பாதிதான் போய்ச் சேரும்.

ஃபுரே போன பிறகு குழு நால்வராகச் சுருங்கியது. 1974-இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1975-இல் எபிக்கை விட்டு ஏபிசி நிறுவனத்துக்கு மாறினார்கள். அந்த ஆண்டு வந்த ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் ஷ்மிட்டின் ‘கீப் ஆன் ட்ரையின்’ பாட்டைத் தனியாகவாவது கேட்டுவிட வேண்டும். ஒரு கிட்டாரும் அடுக்கடுக்கான குரல்களும் மட்டுமே கொண்டு நிற்கிறது அது. ஈகிள்ஸ் பிறகு ஷ்மிட்டை ஏன் அழைத்தது என்பதற்கு அந்தப் பாட்டே போதுமான விளக்கம். ஆனால் இந்தக் காலகட்டத்திலிருந்து ஓர் ஆல்பத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், அது 1976-இல் வந்த ‘ரோஸ் ஆஃப் சிமரன்’.

தலைப்புப் பாட்டை எழுதியவர் யங். 1890-களில் ஒக்லஹோமாவில் சட்டத்துக்குத் தப்பித் திரிந்த கொள்ளையரோடு பழகியதாகச் சொல்லப்படும் ரோஸ் டன் என்ற பெண்ணைச் சுற்றிய கதை அது. யங் எழுத, காட்டனும் ஷ்மிட்டும் பாடுகிறார்கள். காட்டனின் தரைக்குரலுக்கு மேலே ஷ்மிட்டின் வான்குரல் விரிவது, குதிரைப் பாதை ஒன்று வளைந்து திடீரென்று சமவெளி தெரிவது போல இருக்கிறது. ஆறு நிமிடங்களைத் தாண்டும் இந்தப் பாட்டின் பின்பகுதி முழுவதும் சொற்களே இல்லாமல் நீள்கிறது. இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் பாட்டை வானொலிக்காக வெட்டித்தான் வெளியிட்டார்கள். தரவரிசையில் 94-ஆம் இடத்துக்கு மேல் அது போகவில்லை. பின்னாளில் கன்ட்ரி பாடகி எம்மிலூ ஹாரிஸ் இதைப் பாடிய பதிவு வழியே இந்தப் பாட்டை அறிந்தவர்களும் உண்டு. ஆல்பத்தின் மற்றப் பாடல்களிலும் பாஞ்சோ, டோப்ரோ, மாண்டலின் ஆகிய தந்திக் கருவிகளில் யங்கின் கைவண்ணம் பரவிக் கிடக்கிறது. மூன்று அளவுகோல்களும் ஏறக்குறையச் சம அளவில் கூடி வரும் ஆல்பம் இதுதான். இதன் குறை, ஃபுரே இல்லாததுதான். குழுவைத் தொடங்கிய குரல் இல்லாமல் குழுவை அறிமுகப்படுத்துவது, வீட்டுப் பெரியவர் ஊரில் இல்லாத நாளில் விருந்தாளியை அழைத்துக்கொண்டு போவது போல இருக்கிறது.

இனி, பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் பெயர்: 1978-இன் ‘லெஜண்ட்’. இதை விரிவாகப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுவின் மிகப் பெரிய வெற்றி இதுதான். 1977-இல் மெய்ஸ்னர் ஈகிள்ஸை விட்டு விலகியபோது, அவர் இடத்துக்கு அந்தக் குழு அழைத்தது ஷ்மிட்டை. போகோவில் மெய்ஸ்னரின் இடத்தை நிரப்பியவரே ஈகிள்ஸிலும் அவர் இடத்தை நிரப்பப் போனார். மிஞ்சியவர்கள் யங்கும் காட்டனும். இருவரும் தங்கள் பெயரிலேயே புதிதாகத் தொடங்க நினைத்தார்கள். நிறுவனமோ போகோ என்ற பெயரையே தொடர விரும்பியது. சார்லி ஹாரிசன், ஸ்டீவ் சாப்மன் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் பாஸ் கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும் வந்தார்கள். ஒரே கோட்டில் ஓடும் குதிரையாக அமைந்த அட்டைப் படத்தை வரைந்தவர் ஃபில் ஹார்ட்மன். பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரான அதே ஹார்ட்மன்தான்.

குழு தொடங்கிய ஆண்டுகளில் முதன்மைக் குரல் எதுவும் பாடாமல் கருவிகளின் பின்னால் அமர்ந்திருந்த யங், இந்த ஆல்பத்தில் ‘கிரேஸி லவ்’ என்ற பாட்டை எழுதித் தானே பாடினார். 1979-இல் அது அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் 17-ஆம் இடத்தைப் பிடித்தது. மெல்லிசைக்கான தனித் தரவரிசையில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. காட்டனின் ‘ஹார்ட் ஆஃப் த நைட்’ பாட்டு 20-ஆம் இடத்தை எட்டியது. ஆல்பம் 14-ஆம் இடம் வரை ஏறி, விற்பனைக்கான தங்க இசைத்தட்டு விருதும் பெற்றது. பத்து ஆண்டுகள் ஃபுரேயும் மெசினாவும் ஷ்மிட்டும் முயன்றும் கிடைக்காத வானொலி வெற்றி, அவர்கள் எல்லாரும் போன பிறகு, தொடக்கத்திலிருந்தே விலகாமல் இருந்த ஒரே ஒருவரின் தயக்கமான குரலுக்குக் கிடைத்தது. இந்தக் குழுவின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் பகுதி இது.

நானும் ‘லெஜண்ட்’ வழியாகத்தான் இந்தக் குழுவுக்குள் வந்தேன். அதனாலேயே அதை முதலில் கேட்கச் சொல்லத் தயங்குகிறேன். ‘கிரேஸி லவ்’ பாட்டின் அந்த மென்மையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனபோது, 1970-இன் போகோ எனக்குக் கூச்சலாகப் பட்டது. தலைகீழாக எடுத்து வைத்த புத்தகத்தைப் படித்தது போல இருந்தது. சில ஆண்டுகள் கழித்து முன்னோக்கி வரிசையாகக் கேட்டபோதுதான், அந்த மென்மைக்குப் பின்னால் இருந்த களைப்பும் பொறுமையும் புரிந்தன. தவிரவும், இந்த ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் குறைவு. சாக்ஸபோனும் மினுக்கான ஸ்டுடியோ ஒலியும் கூடுதல். ‘ஹார்ட் ஆஃப் த நைட்’ பாட்டில் சாக்ஸபோன் எழும் இடம் அழகானதுதான். ஆனால் அது நியூ ஆர்லியன்ஸ் இரவின் அழகு, ஒரு கன்ட்ரி ராக் குழுவின் அடையாளம் அன்று. தூரப் பயணத்தில் காரில் கேட்க ஓர் ஆல்பம் வேண்டும், குழுவின் கதையில் அக்கறை இல்லை என்பவருக்கு ‘லெஜண்ட்’ தாராளமாகப் போதும். அவர் வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஒரே ஆல்பத்துக்குப் பதில் தொகுப்பு ஒன்றை எடுத்தால் என்ன என்ற யோசனையும் வரும். அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இந்தக் குழு 1969 முதல் 1974 வரை எபிக், பிறகு ஏபிசி, அதை எம்சிஏ வாங்கிய பின் எம்சிஏ, 1982 முதல் அட்லான்டிக், 1989-இல் ஆர்சிஏ என நிறுவனம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கையில் இருந்த பாடல்களை மட்டும் வைத்துத் தொகுப்புப் போட்டது. 1990-இல் வந்த ‘த ஃபர்காட்டன் டிரெயில்’ என்ற இரண்டு குறுந்தட்டுத் தொகுப்பு மிகக் கவனமாகச் செய்யப்பட்டது என்றாலும், அது 1974-உடன் நின்றுவிடுகிறது. ‘ரோஸ் ஆஃப் சிமரன்’ அதில் இருக்க முடியாது, ‘கிரேஸி லவ்’வும் இருக்க முடியாது. 1989-இல் முதல் ஐவரும், மெய்ஸ்னர் உட்பட, மீண்டும் கூடிப் பதிவு செய்த ‘லெகசி’ ஆல்பத்தின் ‘கால் இட் லவ்’ என்ற பாட்டு தரவரிசையில் 18-ஆம் இடம் வரை ஏறியது. மீண்டும் கூடியது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த ஆல்பத்தின் ஒலி 1989-இன் ஒலி, போகோவின் ஒலி அல்ல.

ஆக, நண்பருக்கு நான் சொன்னது இது. ஈகிள்ஸின் வேகமான பாடல்களையும் மேடைக் குரல்களையும் விரும்புபவர் நீங்கள் என்பதால் ‘டெலிவரின்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதில் உள்ள ஐவரையும் குரலால் அடையாளம் காணும் வரை இரண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு ‘கிரேஸி ஐஸ்’. அதன் பிறகு ‘ரோஸ் ஆஃப் சிமரன்’. ‘லெஜண்ட்’ கடைசியாக வரட்டும். உங்கள் மனைவி மெதுவான பாடல்களை மட்டும் கேட்பவர் என்றால் அவருக்கு ‘ரோஸ் ஆஃப் சிமரன்’ ஆல்பத்தை முதலில் கொடுங்கள், மற்றவற்றை அவரே தேடிக்கொள்வார். எந்த வரிசையில் போனாலும், ஆல்பத்துக்கு ஆல்பம் பாடுபவர்கள் மாறினாலும், மாறாத ஒருவரைக் காதால் பின்தொடருங்கள். கொலராடோவில் தேவாலயப் போதகராகிவிட்ட ஃபுரேயும், வேறு குழுக்களில் பேர் பெற்ற மெசினாவும் ஷ்மிட்டும் இல்லாத ஆண்டுகளிலும், 2021 ஏப்ரலில் இறக்கும் வரை, போகோ என்ற பெயரைத் தாங்கி நின்றவர் யங். அதே ஆண்டில், சில மாதங்களுக்குள், காட்டனும் போய்விட்டார்.

‘டெலிவரின்’ ஆல்பத்தின் கடைசியில் மூன்று பாடல்கள் இடைவெளி இல்லாமல் இணைந்து வருகின்றன. நடுவில் இருப்பது கொலராடோ ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய ‘கிராண்ட் ஜங்ஷன்’ என்ற வாத்திய இசை. முதல் பாட்டின் குரல்கள் அடங்கி அது தொடங்கும் இடத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். மற்ற நால்வரும் பாடுவதை நிறுத்திவிட்டு வாசிக்க, யங்கின் தந்திகள் ஒரு நொடியும் தயங்காமல் பாய்ந்து ஓடுகின்றன.